முனாப்பின் பூட்டு

ஷிராஸ் குழாயை மறுபடியும் திருகிப் பார்த்தான். காற்றுத்தான் வந்தது. முனாப்பின் மய்யித்தைக் குளிப்பாட்ட வந்தவர்கள் முற்றத்தில் நிற்கிறார்கள். தொட்டி காலி. கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் இல்லை. திகனயில் அந்தத் தெருவுக்கே காலையிலிருந்து இல்லை.

“பூட்ட ஒடச்சி லைன விடச் சொல்லுங்க ராத்தா. கட்டர் ஒன்னு போதும்.”

அவன் அக்கா மஸாஹிரா கட்டிலில் கிடந்த கணவனின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

முனாப் மின்சாரக் கம்பனியில் லைன்மேன். கம்பத்தில் ஏறுமுன் சுவிட்சை இறக்கித் தன் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் ஏறுவான். பூட்டியவன் இறங்கிவிட்டான் என்று தெரியாமல் யாரும் அதைத் திறக்கக் கூடாது. கம்பனிச் சட்டம். அதற்காக மேலதிகாரிகளோடும் மல்லுக்கு நின்றிருக்கிறான். இறங்கியதும் இரண்டு பேருக்குப் போன் எடுப்பான். முதலில் கன்ட்ரோல் ரூமுக்கு, பிறகு மஸாஹிராவுக்கு.

“எறங்கிட்டன்.”

அவள் அடுப்படியில் நின்றபடி “ஆ” என்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவர்களுக்குள் நடந்த காதல் பேச்சு அவ்வளவுதான்.

இன்று அந்தப் போன் வரவில்லை. வேலை பாதியில் பிளேன்டீ குடிக்க இறங்கியவன் கம்பத்தடியில் உட்கார்ந்தான், எழும்பவில்லை. மாரடைப்பு என்றார்கள் ஆஸ்பத்திரியில். மற்றவர்கள் மீதி வேலையை முடித்துத் தங்கள் பூட்டுகளை எடுத்துவிட்டார்கள். அவனுடையது மட்டும் இந்தத் தெரு லைனின் சுவிட்சில் தொங்குகிறது. சட்டைப்பையில் இருந்த சாவி மஸாஹிராவின் கைக்குள் இருக்கிறது.

அது தொங்கும்வரை அவன் இன்னும் வேலையில்தான் இருக்கிறான். அவளுக்கு அப்படித்தான் பட்டது.

ஃபோர்மன் முத்துலிங்கம் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். முனாப்பைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“ஆபீஸ்ல வேற சாவி இருக்கு தங்கச்சி. ஆனா ஆள கண்ணால பாக்காம தொறக்கக் கூடாது. இவருதான் அதச் சொல்லிச் சொல்லி எங்க உசுர எடுத்தவரு.”

“பாத்திட்டீங்கதானே, பொறகென்ன?” என்றான் ஷிராஸ்.

“கன்ட்ரோல் ரூம்ல கேப்பாங்க. சொல்லணும்.”

போனை எடுத்து எண்ணை அழுத்தினார். காதில் வைத்தார். பிறகு காதிலிருந்து இறக்கிவிட்டார்.

“தாங்க. நான் சொல்றன்.” மஸாஹிரா கையை நீட்டினாள்.

மறுமுனையில் ஓர் இளைஞன். அவனுக்கும் சேதி தெரியும். ஆனாலும் கேட்டாக வேண்டும்.

“முனாப்... எறங்கியாச்சா?”

முற்றத்தில் யாரோ இருமினார்கள். அவள் கட்டிலைப் பார்த்தாள்.

“எறங்கிட்டார்.”

போனையும் சாவியையும் முத்துலிங்கத்தின் கையில் வைத்தாள். அவர் தலையைக் குனிந்தபடி வெளியேறினார்.

கொஞ்ச நேரத்தில் மோட்டார் உறுமியது. ஷிராஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினான். காலையில் நிறுத்தாமல் விட்ட ஃபேன் தலைக்கு மேலே மெல்லச் சுழலத் தொடங்கியது. முனாப்பின் நெஞ்சின் மேல் கிடந்த வெள்ளைத் துணி எழும்பியது, தாழ்ந்தது. மறுபடியும் எழும்பியது.

பக்கத்து வீட்டு ஜஹானா ஃபேனை நிறுத்தச் சுவிட்சை நோக்கிக் கையைக் கொண்டுபோனாள்.

“கொஞ்சம் இரிக்கட்டும்,” என்றாள் மஸாஹிரா.