காஜா பேராங்கின் செய்வினை ஊசிகள்

மலேசியச் சுதந்திரமான மெர்டேக்காவின் ஐம்பதாவது ஆண்டு. மலாக்காவின் காஜா பேராங்கில் அந்த ஆகஸ்டு மாதம் மனிதர்களைவிடக் கொடிகள் அதிகம். வீட்டுக்கு வீடு கொடி, காருக்குக் கார் கொடி. கோழிக்கூண்டில்கூட ஒருவர் குத்தி வைத்திருந்தார். அத்தனை கொடிக்குப் பின்னாலும் ஒரு ஜோடிக் கண் இருந்தது. எதிர்வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் அந்தக் கண்களுக்கு வேலை.

அந்தக் கண்களுக்கெல்லாம் தலைமைக் கண் சிவகாமசுந்தரியுடையது. முனியாண்டி மரத்தடியில் பூக்கடை போட்டிருந்தாள். கூடையில் வந்திறங்கும் மல்லிகையையே, “நேத்துப் பூத்துட்டு இன்னிக்குப் பூத்த மாதிரி நடிக்கிறியா?” என்று விசாரணை செய்பவள். சாமிக்குக் கற்பூரம் காட்டும்போதுகூட ஒரு கண் கல்லாப்பெட்டி மேல்தான் இருக்கும். முனியாண்டியையும் அவள் முழுசாக நம்பிவிடவில்லை.

ஒரு நாள் காலை, சாமி முன்னால் யாரோ வேண்டிக்கொண்டு வைத்திருந்த எலுமிச்சம்பழங்களுக்குப் பக்கத்தில் ஒரு ஊசி கிடந்தது. கண்டெடுத்தவள் தெய்வானை, மலாய் பேசும் செட்டிகளின் கம்போங் செட்டியிலிருந்து வருகிறவள். கெபாயாச் சட்டையும் சாரோங்குமாய்ப் பூ வாங்க வந்தவள், போட்ட கூச்சலில் மலாக்கா ஆற்றில் நின்ற படகெல்லாம் ஒரு ஆட்டம் ஆடியது.

“அலாமா! ஆப்பா இனி?” ஐயோ, இது என்ன என்று மலாயில் அலறினாள்.

சிவகாமசுந்தரி ஒரு பார்வையிலேயே புரிந்துகொண்டாள். போதை மருந்தடிக்கிறவர்கள் போடுகிற ஊசி அது. அப்படி ஊசி போடுகிறவர்களில் ஒருவன் அவளுடைய சொந்தத் தம்பி தனபாலன்.

தெருவைப் பொறுத்தவரை தனபாலன் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் இருந்தான். அப்படித்தான் அவள் சொல்லி வைத்திருந்தாள். சொன்னதோடு நிறுத்தவில்லை, வருஷா வருஷம் பதவி உயர்வும் கொடுத்து வந்தாள். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் ஒரு கப்பலையே அவன் பேருக்கு எழுதியிருப்பாள். நிஜத்தில் அவன் படுப்பது, கடைக்குப் பின்சந்தில் பாழாய்க் கிடந்த கடைவீட்டில். தினமும் மத்தியானம் சந்துச் சுவர்மேல் அவள் ஒரு சோற்றுப் பொட்டலம் வைப்பாள். சாயங்காலம் பொட்டலம் இருக்காது. தம்பி உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அவளுக்கு இருந்த ஒரே அத்தாட்சி அதுதான்.

மருந்து ஊசி என்று வாய்விட்டால் தெரு நேராகச் சந்துக்குள் போகும். தம்பியை இழுத்து வெளியே போடும். அவள் தொண்டையைச் செருமினாள்.

“செய்வினை,” என்றாள். “எலுமிச்சம்பழம், ஊசி. வேற என்னாவா இருக்கும்?”

மத்தியானத்துக்குள் அந்தச் செய்வினை வளர்ந்து பெரிய மனுஷனாகிவிட்டது. ஒருவருக்குப் பத்து வருஷமாக லாட்டரி நம்பர் விழாததற்குக் காரணம் கிடைத்தது. இன்னொருவருக்கு மருமகள் பேசாததற்கு. ஒரு வீட்டில் தயிர் உறையவில்லை, அதற்கும் ஊசிதான். தெருவே துடைப்பமும் உப்பு மிளகாயுமாகச் சூனியக்காரனைத் தேடிப் புறப்பட்டது.

அந்த வியாழக்கிழமை பார்த்து அவனும் வந்து சேர்ந்தான்.

தேவதாஸ் என்று பெயர். ஒல்லியான ஆள். வியாழன்தோறும் மோட்டார் சைக்கிளில் பெரிய பையோடு வந்து சந்துக்குள் நுழைவான். சிவகாமசுந்தரிக்கு அவன்மேல் ஏற்கனவே ஒரு மலையளவு சந்தேகம்: தம்பிக்கு மருந்து விற்கிறவன் இவன்தான். அதைவிடப் பெரிய மலை சார்ஜன் சேதுபதிமேல். போலீஸ்காரர் அந்தப் பக்கமாகவே போவார், பையைப் பார்ப்பார், தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். ‘பங்கு போவுது’ என்று அவள் பூவோடு பூவாகக் கட்டி வைத்திருந்தாள்.

தெரு தேவதாஸைச் சுற்றி வளைத்தது. பையைக் கவிழ்த்தது. உறை பிரிக்காத புது ஊசிகள் பொலபொலவென்று கொட்டின. கூட்டமே ஒரு அடி பின்னால் போனது. இத்தனை ஊசி இருந்தால் மலாக்கா மாநிலம் முழுவதுக்கும் தயிர் உறையாமல் பண்ணலாம்.

“நான் சமூகச் சேவை அமைப்புல வேல செய்றேன்ங்க,” என்றான் தேவதாஸ், தலைக்குமேல் மிளகாய் சுற்றப்பட்டுக்கொண்டிருக்கையிலேயே.

“எல்லாச் சூனியக்காரனும் அப்படித்தான் சொல்லுவான்!”

சார்ஜன் வந்தார். தெருவுக்கு ஒரே சந்தோஷம். அவரோ குனிந்து ஊசிகளைத் தாமே பொறுக்கிப் பையில் போட்டார். “அவர விடுங்க. அவருக்கு இங்க வர அனுமதி இருக்கு,” என்றார்.

தெரு வாயைப் பிளந்தது. சூனியக்காரனுக்குப் போலீஸ் கையாள்! அதுவரை ஒருவரை மட்டும் சந்தேகப்பட்டவர்கள் இப்போது அரசாங்கத்தையே சந்தேகப்பட்டார்கள்.

இந்த அமளியில் சந்துக்குள் மருந்தடித்துக் கிடந்தவர்கள், தனபாலன் உட்பட, சுவரேறிக் குதித்து ஓடிப்போனார்கள். அன்று வைத்த சோற்றுப் பொட்டலம் அப்படியே கிடந்தது. மறுநாள் வைத்ததும். அதற்கும் மறுநாள், பொட்டலத்துக்கு எறும்புதான் வந்தது.

சிவகாமசுந்தரிக்கு மாலை கோணிப்போனது. ரோஜா இருக்க வேண்டிய இடத்தில் துளசியைக் கட்டினாள். வாங்கிப் போனவர்கள் அதையும் செய்வினைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் தேவதாஸும் சார்ஜனும் சேர்ந்தே கடைக்கு வந்தார்கள். அவள் பூ வெட்டும் கத்தரிக்கோலைக் கைக்கெட்டும் தூரத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

“அக்கா, தனபாலன பாத்தேன். புக்கிட் கட்டில் ஊர்ப் பக்கம் ஒளிஞ்சிருக்கான்,” என்றான் தேவதாஸ் மெதுவாக. “நீங்க சொன்னாதான் வருவான்.”

“தனபாலனா? அவன் சிங்கப்பூர்ல...” என்று ஆரம்பித்தவள், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். “சாப்பிடுறானா?”

“சோத்த விடுங்க. புது ஊசி இல்ல. ஒருத்தன் போட்ட ஊசிய இன்னொருத்தன் போடுறானுங்க. அதுலதான் எச்.ஐ.வி. பரவுது. நான் விக்கிறவன் இல்லக்கா. பழைய ஊசிய வாங்கிக்கிட்டு புதுசு குடுக்கிறேன், காசு வாங்குறதில்ல.”

“சும்மா குடுக்கிறியா? எவனாச்சும் சும்மா குடுப்பானா? உனக்கு என்னா லாபம்?”

தேவதாஸ் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினான். “எனக்கு அந்த நோய் இருக்கு. நான் ஊசி போட்ட காலத்துல புதுசு எவனும் குடுக்கல.”

அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போலி மாத்திரையோ என்றுகூட நினைத்தாள். பிறகு சார்ஜன் பக்கம் திரும்பினாள். “புடிக்கிறதுதானே உங்க வேல? புடிக்காத போலீஸ எந்த ஊர்ல பாத்திருக்கோம்?”

“மருந்து விக்கிறவன விட்டுடுவேன்னு யாரு சொன்னா? இவரு ஊசி குடுக்கிற நேரத்துல, வாங்க வர்றவன இங்க வச்சு அமுக்க வேணாம்னு மேலிடம் சொல்லிடுச்சு. அமுக்கினா எவனும் வர மாட்டான், நோய்தான் வரும்.”

“அப்ப நீங்க ரெண்டு பேரும் கூட்டாளி.”

“கூட்டாளியா? இவரு என்னைய நம்ப மாட்டாரு, நான் இவர நம்ப மாட்டேன். ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டே இருக்கோம், வேல ஒழுங்கா நடக்குது.”

சிவகாமசுந்தரிக்கு அன்று காதில் விழுந்ததிலேயே நம்பும்படியான பேச்சு அது ஒன்றுதான்.

ஆனால் சந்துமுனையில் துடைப்பப் படை இன்னும் காவல் நின்றது. அதை நிற்க வைத்தவள் அவள்தான். அவள் எழுந்து படைக்கு முன்னால் போய் நின்றாள்.

“செய்வினையும் இல்ல, ஒண்ணும் இல்ல. மருந்தடிக்கிறவங்க போடுற ஊசி அது. என் தம்பியும் போடுறான். சிங்கப்பூர்லாம் போவல. இந்தச் சந்துலதான் கெடந்தான்.”

துடைப்பங்கள் மெல்ல இறங்கின. தெய்வானைதான் முதலில் வாய் திறந்தாள், மலாயில். “தம்பியா? நாங்க நீதான் மருந்து விக்கிறேன்னு நெனச்சோம்!”

“என்னாடி சொல்ற?”

“தெனம் மத்தியானம் சுவர்மேல பொட்டலம் வச்சுட்டு, அங்கிட்டும் இங்கிட்டும் பாத்துட்டுப் போறே. வேற என்னா நெனைக்கிறது?”

“அது சோறுடி! சோறும் கருவாட்டுக் கொழம்பும்!”

தெருவே சேர்ந்து மூச்சு விட்டது. சிலருக்கு ஏமாற்றம், இவ்வளவு நாள் கஷ்டப்பட்டுப் போற்றி வளர்த்த சந்தேகம் கருவாட்டில் முடிந்துபோயிற்றே என்று.

வியாழக்கிழமை வந்தது. துடைப்பங்கள் வீட்டில் இருந்தன. தேவதாஸ் சந்துமுனையில் பையோடு உட்கார்ந்தான். தெய்வானை முதல்நாளே தன் மகனை மோட்டாரில் புக்கிட் கட்டிலுக்கு அனுப்பி, அக்கா கூப்பிடுகிறாள் என்று சொல்ல வைத்திருந்தாள். நெடுநேரம் யாரும் வரவில்லை. பிறகு சுவருக்கு மேலே ஒரு தலை முளைத்தது. கன்னம் ஒட்டிப்போய், கண் மட்டும் பெரிதாக.

“தனபாலா! எறங்கி வா!” என்றாள் சிவகாமசுந்தரி, தெருவுக்கே கேட்கும்படி.

அவன் அவளைப் பார்க்கவில்லை. பூக்கடையோரம் நின்ற சார்ஜனைப் பார்த்தான். “அக்கா, என்னைய மாட்டி விடுறியா?”

“இல்லடா!”

“அந்தாளு கைய பாரு. பின்னால வச்சிருக்காரு. விலங்கு இருக்கும்.”

ஒரே வயிற்றில் பிறந்த சந்தேகம் அது, அவளால் குறை சொல்ல முடியவில்லை. சார்ஜனைத் தோளைப் பிடித்துத் தன் முக்காலியில் உட்கார வைத்தாள். ஒரு கையில் நாரைக் கொடுத்தாள், இன்னொரு கையில் மல்லிகையை. “கட்டுங்க சார்ஜன்.”

“எனக்குக் கட்டத் தெரியாதுங்க.”

“தெரியாதவங்களுக்குத்தான் ரெண்டு கையும் வேணும். கட்டுங்க.”

மலேசியப் போலீஸ் படை அதற்குமுன் எந்தப் போராட்டத்திலும் இப்படி வியர்த்திருக்காது. நார் விரலைச் சுற்றியது, பூ மடியில் உதிர்ந்தது. தனபாலன் சுவர்மேல் உட்கார்ந்தபடி அந்த இரண்டு கைகளையும் கண்கொட்டாமல் பார்த்தான். பிறகு ஒரு காலைக் கீழே விட்டான். கொஞ்சம் பொறுத்து, அடுத்த காலை.

பழைய ஊசிகளைத் தேவதாஸின் மஞ்சள் டப்பாவில் போட்டான். புதுசை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். அக்காவின் முகத்தைப் பார்க்காமலே திரும்பினான்.

“தனபாலா,” என்றான் தேவதாஸ், “ரத்தம் பாத்துட்டா தெரிஞ்சிடும். கிளினிக் திறந்துதான் இருக்கு. ஊசி பழக்கத்த வுடுன்னு சொல்லல. பாத்துட்டு மட்டும் வந்துடு.”

“இருந்துச்சுன்னா?”

தேவதாஸ் மாத்திரை அட்டை இருந்த சட்டைப்பையைத் தட்டிக்காட்டினான். தனபாலன் அதைப் பார்த்தான், சார்ஜனைப் பார்த்தான், கடைசியாக அக்காவைப் பார்த்தான்.

“நீயும் வருவியா?”

சிவகாமசுந்தரி ரோஜாக்கூடையை மூடினாள், கல்லாப்பெட்டியைத் தெய்வானை கையில் கொடுத்தாள். கொடுத்த பிறகு ஒரு கணம் தயங்கி, சாவியை மட்டும் திரும்ப வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“ஏங்க, நான் எப்ப எந்திரிக்கிறது?” என்று சார்ஜன் குரல் கொடுத்தார்.

அவள் சுவரைப் பார்த்தாள். அதற்கு மேலே இன்னும் மூன்று தலைகள் முளைத்து, சார்ஜனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தன.

“கட்டிக்கிட்டே இருங்க,” என்று சொல்லிவிட்டுத் தம்பியின் பின்னால் நடந்தாள்.