மாத்திரை நேரத்துக்குள்

பஸ் தென்னக்கும்புறப் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. முன்னால் எங்கோ மரம் விழுந்திருக்கிறதாம். மணி பதினொன்று. முத்துலிங்கம் ஒன்பது மணிக்குப் போட்ட மாத்திரைக்கு இன்னும் ஒரு மணித்தியாலந்தான் ஆயுள். இருபத்தெட்டு வருஷம் இதே வீதியில் பஸ் ஓட்டிய மனிதர், பயணியாக உட்கார்ந்து யன்னலால் எட்டி எட்டிப் பார்த்தார்.

பார்கின்சன் நோய் வந்தவர்கள் ஒருவருக்கொருவர் துணையாயிருக்கக் கண்டியில் ஒரு சின்னக் குழு வைத்திருக்கிறார்கள். புதிதாக நோய் கண்டவர்களைப் போய்ப் பார்ப்பார்கள். சம்பளம் கிடையாது, பஸ் காசும் சொந்தக் காசு. திகனவில் புடவைக்கடை வைத்திருக்கும் அஸீம் மூன்று மாதமாக மாத்திரையைத் தொடவில்லை என்று அவர் மனைவி றம்லத் போனில் அழுதிருந்தார். கடைசியில் அஸீம் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்திருந்தார். ஏழெட்டு வருஷமாக இந்த நோயோடு இருக்கும் ஒருவர் தன் காலால் கடைக்குள் நடந்து வரட்டும், பிறகு குடிக்கிறேன் என்றிருந்தார்.

அந்த ஒருவர்தான் முத்துலிங்கம். மாத்திரை வேலைசெய்யும் நேரத்தில் அவர் நடையைக் கண்டு நோயாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நேரம் தப்பினால் யாரும் சொல்லத் தேவையில்லை.

பன்னிரண்டுக்கு, பஸ்ஸிலேயே அடுத்ததை விழுங்கினார். அது பிடிக்க முக்கால் மணித்தியாலமாவது வேண்டும். சில நாட்களில் பிடிப்பதேயில்லை. அதற்குள் றம்லத் போன் எடுத்து, நீங்கள் வரமாட்டீர்கள் என்று அஸீம் கடையைப் பூட்டப் போகிறார் என்றார். மரத்தை வெட்டி வழிவிட்டு பஸ் திகனவுக்கு வந்து சேர்ந்தபோது, மருந்து பிடிக்கும்வரை பொறுத்திருக்க வழியில்லாமல் போயிற்று.

கடைவாசலில் கால் நின்றது. மனம் போ என்கிறது, பாதம் நிலத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. புடவை பார்த்துக்கொண்டிருந்த பெண், குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று முணுமுணுத்து விலகினாள். அஸீம் கல்லாவிலிருந்து அவரையே பார்த்தார். முத்துலிங்கத்துக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. ஒரு மனிதனைப் பிழைக்க வைக்க வந்து, நானே கெடுத்துவிட்டேனே.

“மொதலாளி, ஒங்க கால எங் காலுக்கு முன்னால குறுக்க வைங்க. குறுக்க ஏதும் கெடந்தா இந்தக் காலு தாண்டிரும், வந்துருவேன்.”

அஸீம் எழுந்து வந்து வைத்தார். தாண்டிய முத்துலிங்கம் கதிரையில் விழாக்குறையாக உட்கார்ந்தார்.

“இதுக்குத்தானா நான் மருந்து குடிக்கோணும்?”

காலை மருந்து தீர்ந்து, அடுத்தது இன்னும் பிடிக்காத கோலம் இது, ஒரு மணி வரைக்கும் பாருங்கள் என்று முத்துலிங்கம் கெஞ்சினார். அஸீம் எதிரே உட்கார்ந்து, பரீட்சை மண்டபத்து வாத்தியாரைப் போல் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிஷம். இருபது. முத்துலிங்கத்தின் கை ஆடிக்கொண்டேயிருந்தது. றம்லத் ஒரு மூலையில் நின்று துஆ ஓதினார். ஒரு மணியும் ஆனது. இன்றைக்கென்று பிடிக்காவிட்டால்?

ஒன்று பத்துக்குக் கை அடங்கியது. முத்துலிங்கம் எழுந்து வாசலைத் தாண்டி வீதியில் இறங்கி, திரும்பி நடந்து வந்தார்.

“மறுகா ஆடுமா?” என்றார் அஸீம்.

இல்லை என்ற சொல் முத்துலிங்கத்தின் வாய்வரை வந்தது. சொன்னால் இன்றைக்கு நம்புவார், நாளைக்கு?

“ஆடும். மூணு மணிக்கு.”

அஸீம் மூலைப் பக்கம் திரும்பினார்.

“றம்லத், எண்ட மாத்திரயக் கொண்டா.”