கிரெனோபிளிலிருந்து திரும்பியவள்

"உன் உம்மா குளிருக்குப் பயந்து ரெண்டு கோட்டு மாட்டிக்கிட்டு மலை ஏறினவடா! பனியில சறுக்கி விழுந்தா, எந்திரிக்கத் தெரியாம அங்கேயே கெடந்து சிரிக்கிறா. நானும் இன்னொருத்தியும் ஆளுக்கொரு கையப் புடிச்சு இழுத்தோம்" என்று உல்ஃபா சொல்ல, கஸ்ஸன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அவன் உம்மா நஸீஹாவும் சிரித்தாள். ஆகஸ்ட் பிறந்தால் ஸ்ஃபாக்ஸ் ஊரில் அந்த வீட்டில் இது ஒரு வழக்கம். பிரான்சிலிருந்து உல்ஃபா காப்பித்தூளும் ஷாம்பூவும் சாக்லேட்டுமாக வந்து இறங்குவாள். மீன் குஸ்குஸைச் சாப்பிட்டுக்கொண்டே தோழிகள் இருவரும் இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய, அதே பிரான்சின் கிரெனோபிள் நகரத்துக் கதைகளைத் தோண்டி எடுப்பார்கள். கல்லூரி அனுப்பிவைத்த அரை வருடப் படிப்பு அது. விடுதிச் சமையலறையில் ஹரிஸா மிளகாய் விழுதை எண்ணெயில் வதக்கி மாடி முழுவதையும் இருமவைத்தது, டிக்கெட் இல்லாமல் டிராமில் மாட்டிக்கொண்டு பாஷை தெரியாதவர்கள் போல் திருதிருவென்று விழித்தது, சுத்தியலும் கையுமாக நஸீஹா மலையைத் தட்டித் தட்டி ஒரு பை நிறையக் கல் சுமந்து வந்தது. எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காது. இந்த வருடம் கேட்பவனுக்கும் ஆர்வம் கூடியிருந்தது. கஸ்ஸனும் அதேபோல அரை வருடம் இத்தாலிக்குப் படிக்கப் போகிறான். விசா வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை பயணம்.

"சாச்சி, நீங்கள்லாம் அங்கேயே தங்கிட்டீங்க. உம்மா மட்டும் ஏன் திரும்பி வந்தாங்க?"

"உன் உம்மா பெரிய உத்தமியாச்சே!"

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் கேலி செய்கிற சங்கதியா அது? கிரெனோபிளில் பேராசிரியர் ஒருவர் நஸீஹாவுக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். ஊருக்குப் போய், புது விசா வாங்கி, முறையாக வந்து சேரவேண்டும். கூடப் போனவர்களில் பாதிப்பேர் விடுதியிலிருந்து காணாமல் போனார்கள். "போகாதடி, போனா போனதுதான்" என்று உல்ஃபா ரயிலடியில் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். "கள்ளத்தனமா ஒளிஞ்சு வாழ என்னால ஆகாது" என்று வீராப்பாகக் கையை உதறிவிட்டு வந்தாள் நஸீஹா. திரும்பி வந்ததற்கு அடையாளமாக விசா ஆபீசில் நேரில் போய் நிற்கவேண்டும் என்பது விதி. வந்த மறுநாளே போய் நின்றாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டுத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நம்பினாளே, பைத்தியக்காரி!

அடுத்த விசாவுக்குப் போட்டாள். இல்லை என்று வந்தது. திரும்பி வரமாட்டாள் என்று சந்தேகமாம். ஓடிப்போன கூட்டத்தோடு போனவளாம். வந்து நின்றவளின் முகத்தைப் பார்த்தே 'நீ வரமாட்டாய்' என்று சொன்ன அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது? மறுபடியும் போட்டாள், மறுபடியும் இல்லை. இடம் வேறு யாருக்கோ போயிற்று. பாறை படித்தவள் இப்போது ஆலிவ் எண்ணெய் ஆலையில் பில் போடுகிறாள். கணவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். மிச்சம் இருப்பது இந்தப் பிள்ளை ஒன்றுதான்.

"நானும் உம்மா மாதிரிதான் சாச்சி. படிப்பு முடிஞ்சா நேரா வீடு. உம்மா தனியா இருப்பாங்கல்ல" என்றான் கஸ்ஸன், பெருமையாக.

நஸீஹா கரண்டியைக் கீழே வைத்தாள். "நீ வரக்கூடாது."

"என்னது?"

"போனா அங்கேயே இருந்துக்க. என்ன பாடுபட்டாவது இருந்துக்க. இங்க என்ன இருக்கு? உன் மாமன் மவன் இஞ்சினியருக்குப் படிச்சிட்டு காப்பிக்கடையில குந்தியிருக்கான். அவன் பக்கத்துல உனக்கும் ஒரு நாற்காலி போடணுமா?"

"உம்மா, நீதானே சின்னதுலேர்ந்து சொல்லிச் சொல்லி வளத்த, நேர்மையா திரும்பி வந்தேன்னு?"

"சொன்னேன். ஏமாந்த கதையைப் புள்ளைகிட்ட வேற எப்படிடா சொல்றது?"

உல்ஃபாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "ஏண்டி, தங்கினவ மட்டும் வாழ்ந்துட்டேனா? கக்கூஸ் கழுவினேன். என் உம்மா மவுத்துக்கு வர முடியாம, செவுத்தப் பாத்து அழுதேன். அங்க இருக்கிறதுக்குக் காகிதம் கைக்கு வர்றதுக்குள்ள பாதி ஆயுசு போச்சு."

"தெரியும்டி. என் மவுத்துக்கும் அவன் வரவேணாம்."

"நீ திரும்பி வராம இருந்திருந்தா நான் ஏது உம்மா?" என்று கேட்டான் கஸ்ஸன்.

அந்த இருபத்தைந்து வருடத்தில் அவளுக்குக் கிடைத்த நல்லது அவன் ஒருவன்தான். எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் தம்பி கார் கொண்டுவந்தான். விமான நிலையம் வரை போக நஸீஹாவுக்குத் தெம்பில்லை. வாசலிலேயே மகனைக் கட்டிப்பிடித்து, காதோரம் மறுபடியும் "வராதடா" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே அவள் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுக் காரில் ஏறினான்.

"என்னடி வெறுங்கையோட நிக்கிற?" என்று எதிர்வீட்டு ஸல்ஹா பதறிப்போய், ஒரு செம்புத் தண்ணீரை ஓட்டமாகக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தாள். கிளம்புகிறவன் பின்னால் தண்ணீர் ஊற்றினால் போன கால் பத்திரமாகத் திரும்பும். அந்தத் தெருவில் யாரும் இதைத் தவறவிட்டதில்லை. "ஊத்து, கார் நகருது. ஊத்துடி!"

ஊற்றத்தான் மனசு துடித்தது. பெற்ற வயிறு அல்லவா! ஆனாலும் செம்பை மார்போடு இறுக்கிக்கொண்டு அசையாமல் நின்றாள். கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

போன் அடித்தது. "உம்மா, பின்னால பாத்துக்கிட்டேதான் இருந்தேன். தண்ணி ஊத்தலையே நீ?"

"குழாயில தண்ணி நின்னுபோச்சுடா."

கோடையில் அந்த ஊரில் யாரும் நம்புகிற பொய்தான். தளும்புகிற செம்பைப் பார்த்து ஸல்ஹா வாயைப் பிளந்தாள்.

"தண்ணி இல்லாட்டி என்ன இப்ப? நான் வந்துடுவேன் உம்மா, நீ கவலப்படாத. பிப்ரவரியில வீட்ல இருப்பேன்."

வந்துவிடுவான். அவள் பெற்ற பிள்ளையாயிற்றே, சொன்னால் சொன்னபடி வந்துவிடுவான். நஸீஹா அப்படியே படியில் உட்கார்ந்து, தெருவே பார்க்க, வாய்விட்டு அழுதாள்.

ஸல்ஹாவும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "அழாதடி, அதான் வந்துடுவேன்னு சொல்லிட்டானே."