காசு கட்டாத தட்டு

கார்லோ வயிற்றில் இன்சுலின் ஊசி குத்திக்கொண்டு இருபது நிமிடம் ஆகிவிட்டது. ஒவுலு என்ற வடதேச நகரில் பல்கலைக்கழக உணவக வரிசையில் நுழையும்போதே சட்டைக்கடியில் யாருக்கும் தெரியாமல் குத்திவிடுவான். இரண்டு வருடமாக இதே வழக்கம். சுவரில் மாட்டிய படத்தில் உள்ளபடி தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு உருளைக்கிழங்கு மசியல், கால் பங்கு மீன், ஓரமாக லிங்கன்பெர்ரி என்ற சிவப்புப் பழத்தின் இனிப்பு ஜாம் என்று நிரப்பி, காசு கட்டி உட்கார எட்டே நிமிடம். ஊசிக்குப் பின் சாப்பாடு தாமதித்தால் சர்க்கரை சரிந்துவிடும்; அந்த எட்டு நிமிடத்தை நம்பித்தான் அவன் உயிர் இருந்தது.

இன்று கல்லாவில் மாணவர் அட்டை பார்க்கும் இயந்திரம் படுத்துவிட்டது.

"கொஞ்சம் பொறுங்கப்பா, வந்துரும்," என்று கல்லாக்காரி பிர்க்கோ நாலாவது தடவையாகச் சொன்னாள். நிரம்பிய தட்டோடு அறுபது பேர் நின்றார்கள். ஆளுக்கு ஆள் ஒரு கை இடைவெளி. ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை, ஒரு வாய் தின்னவும் இல்லை.

கார்லோவுக்கு வேர்த்தது. உதடு மரத்தது. குளுக்கோஸ் மாத்திரை கோட்டுப் பையில், கோட்டு வெளியே நடைவழிக் கொக்கியில். தட்டோடு வெளியே போனால் திருட்டு. தட்டை வைத்துவிட்டுப் போனால் இடம் போய்விடும். சர்க்கரை இறங்கிய மண்டைதான் இப்படி யோசிக்கும் என்று நினைக்காதீர்கள், இந்த ஊரில் எல்லா மண்டையும் இப்படித்தான் யோசிக்கும்.

அவன் தட்டில் முள்கரண்டி தடதடத்தது. முன்னால் நின்ற பெண், சைமி என்று கையிலிருந்த மாணவர் அட்டையில் பெயர், திரும்பிப் பார்த்தாள்.

"குளிருதா என்ன?"

"சர்க்கரை வியாதி எனக்கு. இறங்கிட்டே இருக்கு." முன்பின் தெரியாதவளிடம் இதைச் சொன்னதற்கு அவமானமாக இருந்தது.

அவள் சட்டென்று தன் தட்டோடு பிடித்திருந்த சிவப்புப் பழச்சாற்றுக் கோப்பையை நீட்டினாள். ஒரே மூச்சில் குடித்தான். இனிப்பு ஏதோ தப்பாக இருந்தது. மாணவர் நலனுக்காகப் போன மாதம்தான் பழச்சாற்றையெல்லாம் சர்க்கரை இல்லாததாக மாற்றியிருந்தார்கள்.

"இதுல சர்க்கரையே இல்ல," என்றான். வரிசையை விட்டு விலகி, தட்டோடு சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அய்யோ, ஜாம்! உன் தட்டுலயே இருக்குடா!" சைமி மண்டியிட்டு, விரலாலேயே வழித்து அவன் வாய்க்குள் திணித்தாள். "முழுங்கு. தூங்காத. முழுங்குடா!" தன் தட்டு ஜாமையும் ஊட்டினாள்.

"ஆம்புலன்ஸ் கூப்பிடவா?" என்று பின்னாலிருந்து யாரோ தணிந்த குரலில் கேட்டார்கள்.

பத்து நிமிடம் கழித்து இரண்டாகத் தெரிந்த சைமி ஒன்றானாள்.

"பைத்தியமா நீ? கையில சோத்த வெச்சுக்கிட்டு சாகப் பாத்தியே!"

"இன்னும் காசு கட்டலையே."

சிரிப்பாள் என்று நினைத்தான். அவள் சிரிக்கவில்லை, வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். ஆறிப்போன தட்டுகளோடு எல்லோரும் நின்றிருந்தார்கள். நடுவே அவர்கள் இருவர் இடமும் அப்படியே காலியாக இருந்தது. ஒருவரும் ஓர் அடிகூட முன்னால் வந்திருக்கவில்லை.