சொல்ல விருப்பமில்லை

வரும் ஆண்டில் உங்கள் குடும்பத்தின் பண நிலைமை எப்படி இருக்கும் என்று போன் போட்டு ஊரைக் கேட்பதுதான் என் வேலை. மேம்படும், அப்படியே இருக்கும், மோசமாகும், சொல்ல விருப்பமில்லை. நான்கில் ஒன்றைச் சொன்னால் போதும். யாரும் ஒன்றோடு நிறுத்துவதில்லை. ஒருவர் மருமகனைத் திட்டுவார், இன்னொருவர் அதை என் முதலாளியிடம் கேள் என்பார். எதற்கும் "நன்றி, குறித்துக்கொண்டேன்" என்பதைத் தவிர வேறு பேசக் கூடாது.

ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. இந்த மாதத்தோடு எனக்கு வேலை இல்லை என்று கடிதம் கொடுத்துப் பத்து நாளாகிறது. வீட்டிலோ வேலை நிரந்தரமாகப் போகிறது என்று முன்பே பீற்றிக்கொண்டிருந்தேன். அதை நம்பி என் வீட்டுக்காரர், சனிக்கிழமை வாஷிங் மெஷினுக்கு முன்பணம் கட்டப்போவதாகத் தினமும் சொல்கிறார். நானும் தினமும் சொல்ல வாயைத் திறக்கிறேன், கொட்டாவி விட்டு மூடிக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை மதியம் கணினி ஏதோ ஒரு எண்ணைப் பிடித்துப் போட்டது. வணக்கம் சொன்னேன். "யாரு?" என்று கேட்டது என் வீட்டுக்காரர் குரல். சொந்தக்காரர் மாட்டினால் அந்த அழைப்பு செல்லாது. அடுத்த இருக்கையில், அழைப்புகளுக்கு மதிப்பெண் போடும் மேற்பார்வையாளர் அம்மா ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். இந்த விதியையெல்லாம் வீட்டில் அளந்திருக்கிறேன். வீட்டுக்காரருக்கு அது நினைவிருந்தது போலும்.

"கேளுங்க மேடம்."

கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் முதல் மேடம். கேள்வியைப் படித்தேன்.

"மோசமாகும்னு போடுங்க."

காரணமும் கேட்டாக வேண்டும். கேட்டுத் தொலைத்தேன்.

"வீட்டுக்காரிக்கு இந்த மாசத்தோட வேலை போகுது. அவ சாப்பாட்டு டப்பாவைக் கழுவுறது நான்தான். பையில டப்பாவுக்கு அடியில கடிதாசி இருந்துச்சு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன், தட்டைக் கழுவுகிறவருக்குத் தெரியாமலா போகும்? வெட்கமாக இருந்தது. நன்றி, குறித்துக்கொண்டேன் என்றேன். அடுத்த கேள்வி, பெரிய பொருள் ஏதாவது வாங்கும் எண்ணம் உண்டா என்பது.

"வாஷிங் மெஷின் வேணாம்னு கடையில அன்னிக்கே சொல்லிட்டேன். முன்பணம் கட்டப்போறேன்னு வீட்டுல சும்மா சொல்லிக்கிட்டிருக்கேன். அப்பவாவது வாயைத் திறப்பாளான்னுதான்."

பாவி மனுஷன், பத்து நாளாக என் தவிப்பை வேடிக்கை பார்த்திருக்கிறார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கடைசிக் கேள்வியைப் படித்து முடித்தேன்.

"ஒண்ணே ஒண்ணு மேடம். சொல்ல விருப்பமில்லைன்னு நாலாவதா ஒரு பதில் இருக்கே, அதை எங்க வீட்டுக்கு மட்டும் எடுத்துடுங்க."

நன்றி, குறித்துக்கொண்டேன் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். "சரிங்க" என்று வந்துவிட்டது.

மேற்பார்வையாளர் அம்மா எனக்கு ஒரு மதிப்பெண் குறைத்தார். வீட்டில் பேசுகிற மாதிரிப் பேசிவிட்டேனாம்.