கூறுத் தக்காளியில் ஒரு சாஸ்

…மிளகாய்த்தூள் போடவே கூடாது என்றானே, அப்புறம் இதில் என்னதான் ருசி இருக்கும், கடுகு டப்பாவை நோக்கித் தானாகப் போன கையை இசைவாணி இழுத்துக்கொண்டாள், தாளிக்காமல் ஒரு சமையலா… வாணலியில் தக்காளி குழைந்துகொண்டிருந்தது. சந்தை கலைகிற நேரத்தில் காய்க்காரி வெள்ளையம்மாள் அரை விலைக்குத் தள்ளிவிட்ட கூறு அது, பாதி நசுங்கல், கூடவே தோல் சுருங்கிய குடமிளகாய், நுனி அழுகிய கேரட். "இன்னாடி, இம்மாம் தக்காளி? ஊட்ல விருந்தா?" என்று கேட்டவளிடம் என்ன சொல்வது, பாஸ்தாவுக்கு சாஸ் வைக்கப் போகிறேன் என்றால் திண்டிவனம் மார்க்கெட்டே சிரிக்காதா… "சும்மாதாங்க்கா" என்று பையை நீட்டினாள். அழுகலை வெட்டி எறிந்து, வெந்நீரில் போட்டுத் தோலுரித்து, சுட்ட விரலை ஊதிக்கொண்டு… எல்லாம் புருஷன் அலெக்ஸ் சொன்னபடிதான். அவன் தோஹாவில் ஒரு ஓட்டல் அடுக்களையில் நாள் முழுக்க இதைத்தான் கிண்டுகிறான், கட்டியவள் ஒரு நாளாவது கிண்டிப் பார்க்க வேண்டாமா?

அவன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மறுபடி ஓடவிட்டாள். "ஜல்தி பண்ணாத வாணி. சின்னத் தீயில வெச்சிக் கிண்டிக்கினே இரு. எண்ண மேல வரும் பாரு, அதான் பதம்." பதம் தெரியாமலா இத்தனை முறை கேட்கிறாள், 'வாணி' என்கிற அந்த இடத்துக்காகக் கேட்கிறாள். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பரோட்டாக் கடையில் அவன் மாவு பிசைந்த காலத்தில் சட்டையில் எண்ணெயும் வியர்வையுமாக ஒரு வாடை வரும், குளிச்சிட்டு வாங்க என்று விரட்டுவாள், இப்போது எந்த வாடையோடு படுக்கிறானோ, யார் விரட்டுகிறார்களோ… அவளுக்கு அவன் வேண்டும், பணம் அனுப்புகிற அவன் இல்லை, கதவைத் தட்டுகிற அவன். போன வாரம் கேட்டான், "மொதலாளி இன்னும் ரெண்டு வருசம் இருன்றாரு. நீ வான்னா வந்துடறேன். இன்னா சொல்ற?" இன்றைக்குக் கூப்பிடும்போது பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு ஒத்திகைகூடப் பார்த்துவிட்டாள், நானே சாஸ் வெச்சேங்க, சப்புனு கீது, இத்தத் துன்னுக்கினா அங்க கெடக்கறீங்க, கெளம்பி வாங்க, நெத்திலிக் கொழம்பு வெக்கறேன்…

எண்ணெய் மேலே வந்தது. வெந்த பாஸ்தாவில் ஒரு கரண்டி ஊற்றி, முகம் சுளிக்கத் தயாராக வாயில் போட்டாள். புளிப்பு, அதற்குப் பின்னால் மெதுவாக ஒரு இனிப்பு, பூண்டு… இன்னொரு வாய் போட்டாள். நன்றாக இருந்தது. ஐயோ, நன்றாகவே இருந்தது. முதல் வாயிலேயே எனக்குப் பிடிக்கிறது என்றால், போனதிலிருந்து அங்கேயே இருப்பவனுக்கு… அவன் நாக்கு நெத்திலிக் குழம்புக்கு ஏங்கிக் கிடக்கிறது என்று எனக்கு யார் சொன்னது? நானேதானே சொல்லிக்கொண்டேன். நீ வான்னா வந்துடறேன் என்றான், வரணும் போல இருக்குது என்று ஒரு தடவையாவது சொன்னானா… சொல்லியிருப்பான், நான்தான் மறந்திருப்பேன், எப்போது சொன்னான்?

மேடைமேல் போன் அதிர்ந்தது, அவன்தான். "வெச்சியா வாணி? எப்டி கீது?" என்றான், குரலில் அப்படி ஒரு ஆவல், பரோட்டாக் கடை நாட்களில் அந்த ஆவலை அவள் கேட்டதே இல்லை. ஒத்திகை பார்த்ததெல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது, கெளம்பி வாங்க, கெளம்பி வாங்க… "நல்லாதாங்க கீது" என்றாள், கரண்டி இன்னும் கையில் இருந்தது. "உங்களுக்கு… அங்க நல்லா கீதா?" அந்தப் பக்கம் தட்டுகள் மோதுகிற சத்தத்தில் அவன் சொல்வது கேட்காமல் போய்விடுமோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.