பூட்டுக்கு வெளியே ஒரு சவரக்கத்தி

காலை ஆறே கால். பெட்டியின் பூட்டைத் திறந்ததும் புளித்த வாடை அடித்தது.

உள்ளே அவர் சந்தை சந்தையாகத் தேடிச் சேர்த்த பழைய மடக்குச் சவரக்கத்திகள். எல்லா அலகுகளிலும் துரு.

நடுவில் கிடந்த கத்தியின் வேலை அது. ஆமை ஓடு போலத் தெரியும் செல்லுலாய்டுப் பிடி, பழங்காலப் பிளாஸ்டிக். இருப்பதிலேயே அவருக்குச் செல்லம் அதுதான். செல்லுலாய்டு கெட்டால் ஆவி விடும். மூடிய பெட்டியில் அது பக்கத்து இரும்பைத் தின்றுவிடும். இது அவருக்குத் தெரியும். தெரிந்தும் மூடி இறுகும்படி ரப்பர் ஒட்டிப் பூட்டும் போட்டார். மைத்துனன் மேல் இருந்த கோபம்.

சில மாதங்களுக்கு முன் அவன் கேட்காமல் ஒரு கொம்புப்பிடிக் கத்தியை எடுத்துச் சவரம் செய்துவிட்டான்.

"நூறு வருஷக் கத்தியிலயா தாடி எடுக்கிற?"

"பின்ன, கத்தி எதுக்கு அத்தான்?"

"தொட்டாச்சுல்ல? நீயே வச்சுக்கிட்டு அழு."

அதோடு பேச்சு நின்றது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

பெட்டியைக் காட்டினார். பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "ஒண்ணு தம்பிகிட்ட இருக்குமே."

அடுத்த தெருதான். சட்டையை மாட்டிக்கொண்டு நடந்தார்.

மைத்துனன் முகமெல்லாம் நுரையோடு கதவைத் திறந்தான். கையில் அந்தக் கத்தி. அலகு பளிச்சென்று இருந்தது. அடியில் செய்தவனின் முத்திரை, ஒரு கோடு குறையாமல்.

"ஈரத்தோட மடக்கினதே இல்ல அத்தான்," என்றான் அவசரமாக. "தினமும் தோல்பட்டையில தேய்ச்சுத்தான் எடுக்கிறேன். வேணும்னா கொண்டுபோங்க."

"மத்ததெல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு."

அவன் கத்தியைத் தாழ்த்தினான். நுரை சட்டையில் சொட்டியது.

"உன்கிட்ட இருந்ததாலதான் இது தப்பிச்சுது. நல்ல காரியம் பண்ணினே, மச்சான்."

"திட்டுறீங்களா, பாராட்டுறீங்களா?"

"பாராட்டத்தான் வந்தேன். உன்கிட்டயே இருக்கட்டும்."

கத்தியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கியது. இத்தனை கத்தி சேர்த்தவர், தன் முகத்துக்கு இதுவரை கடையில் வாங்கும் பிளேடுதான் போட்டிருக்கிறார். கத்தியை அவன் கையிலேயே கொடுத்தார். கண்ணாடி முன் இருந்த முக்காலியில் உட்கார்ந்து கழுத்தை நிமிர்த்தினார்.

"எனக்கும் எடுத்துவிடு."

மைத்துனன் நுரை பூசினான். தோல்பட்டையில் நிதானமாக நாலு இழுப்பு. பிறகு, அலகு கழுத்தில் குளிர்ச்சியாகப் பட்டது.

"அத்தான், என்கூடப் பேசாம இருந்தவர் நீங்க. இப்போ கத்தி என் கையில. பயமா இல்ல?"